நீலக் கூரைக்கு நாலு செகண்டு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'நாலு செகண்டு'. ட்ரோன் எடுத்த படத்தில் ஒரு கூரையைப் பார்த்து, கான்கிரீட்டா, தகரமா, தார்ப்பாயா என்று குறிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் போதும். அவள் குறித்ததைப் பார்த்துப் பழகி, கம்ப்யூட்டர் நகரம் முழுவதையும் எண்ணும். எந்த வீடு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று அறிக்கை வரும். தார்ப்பாய் என்றால் தற்காலிக வீடு. தற்காலிக வீட்டுக்குப் புதுக் குடிநீர்க் குழாய் கிடையாது. விதி அது. குடியிருப்பவர்களைக் கேட்டுப் போட்டதில்லை.

ஆறு வருஷத்தில் கழுத்து போயிற்று, கண்ணாடி இரண்டு தரம் மாறியது.

செவ்வாய்க்கிழமை ஒரு நீலக் கூரை வந்தது. தார்ப்பாய் என்று அழுத்தினாள். அடுத்த படத்தில், மூடிக்குப் பதில் பழைய கதவைப் போட்ட தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டுத் தையற்காரர் தொட்டி. அப்படியென்றால் முந்தைய கூரை அவள் வீடு. கான்கிரீட்தான், ஒழுகுகிறது என்று புருஷன் போன மாதம் மேலே நீலத் தார்ப்பாய் விரித்திருந்தான்.

ஒரு தரம் குறித்து அனுப்பியதைத் தானே திருத்த வழியில்லை. மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சார், இப்பப் போட்டது தப்பு. அது கான்கிரீட்டு."

"படத்துல தெரியுதா?"

"இல்ல. அடியில இருக்கு."

"அடியில இருக்கறது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? தூக்கிப் பாத்தீங்களா?"

"அதுக்கு அடியிலதான் சார் நான் தூங்கறேன்."

பக்கத்து மேசைக்காரி சிரித்துவிட்டாள். மேற்பார்வையாளர் திரையைத் திறந்து பார்த்தார்.

"ஒரு படத்த மூணு பேர் பாக்கறீங்க. மத்த ரெண்டு பேரும் தார்ப்பாய்னுதான் போட்டிருக்காங்க. உங்களோடத மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது. பாக்கறத போடு, தெரிஞ்சத போடாதேன்னு புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே சொல்லித் தர்றீங்க?"

அவள்தான். இடத்துக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். பஸ் மெக்கானிக். கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"பாய எடுத்துடலாமா?"

"எடு. ஒழுகற எடத்துல எல்லாம் அண்டா வெச்சா கட்டில எங்க போடுவ? அண்டாவுக்குள்ளயா?"

"மறுபடி எப்பப் படம் எடுப்பாங்க?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்ப லாரித் தண்ணிதான். இந்தா, குடத்த இப்படித் தள்ளு."

தள்ளினாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் பத்தொன்பது நீலக் கூரை வந்தது. பத்தொன்பதையும் தார்ப்பாய் என்றே குறித்தாள்.