ஆஷாடத்தில் கட்டிய வாழைமரம்

சித்தூர் வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. கீழே தெருவில் அண்ணனும் அண்ணியும் வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு வந்தவர்கள். ஒரு வாரம் இருப்போம் என்று வந்துவிட்டு, மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். யாரோடும் மனஸ்தாபம் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், நைனாவின் கட்டிலுக்கும் என் புத்தக அலமாரிக்கும் நடுவே பாயை விரித்து எத்தனை நாள் படுப்பார்கள்? அண்ணி வாய் திறந்து எதுவும் குறை சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும், "ஒரு ரூம் இருந்தா இங்கயே இருந்துடலாம் பாப்பா" என்றார்.

தெருமுனையில் அவர்கள் மறைந்ததும் நான் மிளகாயைப் பார்த்தேன். மிளகாய் பரப்பியிருந்த இடம் சரியாக ஓர் அறை அளவுக்கு இருந்தது.

ஏணியில் பாதி இறங்கி, பாதி குதித்து நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, மேல ஒரு ரூம் போட்டா அண்ணன் வந்துடும்."

"உனக்கு யாரு சொன்னது?"

"அண்ணியே சொல்லிச்சு."

"அது செருப்பு மாட்டிக்கினு சொன்னது. ஊருக்குக் கெளம்பறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஆனால் நைனாவுக்கும் ஆசை இருந்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து அதிக காலம் ஆகவில்லை. அண்ணன் வேலூரில் அரசாங்க குமாஸ்தா. எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று எழுதித் தரும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். ஆந்திரா என்று எழுதினால் சித்தூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னை என்று எழுதினால் வேலூரிலேயே வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தெற்கே எந்த மூலைக்கும் தூக்கிப் போடலாம். ஆவணிக்குள் எழுதித் தரவேண்டும். அதற்குள் மாடியில் ஓர் அறை இருந்தால் அண்ணன் எங்களுடையவர். இல்லாவிட்டால் இல்லை. எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

நைனா புத்தூர்ப் பக்கத்து நிலத்தை நம்பி வாழ்ந்தவர். நாங்கள் படிப்பதற்காகத்தான் சித்தூரில் அந்த வீட்டை வாங்கினார். மாசியிலேயே பிளான் வரையக் கொடுத்தோம். வரைந்தவர் கொல்லையில் கிணற்றை ஒட்டிப் படிக்கட்டு காட்டியிருந்தார். நகராட்சியில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். அரசாங்கம் இவ்வளவு சுலபமா என்று வகுப்பில் இருந்த எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

சிக்கல் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தது. கிணற்றுப் பக்கம் ஈசானிய மூலை. "அங்க படி வெச்சா வீட்டுக்கு ஆவாது" என்றார் நைனா. மேஸ்திரி தெலுங்கர். அவரும் "நிஜம்தான் நைனா, கன்னி மூலதான் படிக்கு மஞ்சிதி" என்றார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிக்காரர்களும் உடனே ஒத்துப்போனார்கள். படிக்கட்டு தென்மேற்கே, சந்துப் பக்கம் போயிற்று. அங்கே இடம் போதவில்லை. கீழ்ப்படிகள் நகராட்சிச் சாக்கடையின் மேல் உட்கார்ந்தன. சந்தில் எல்லா வீட்டுக்காரர்களும் சாக்கடை மேல் கல் பரப்பி, சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் ஊர்வம்பு பேசுவார்கள். நாங்கள் கல்லுக்குப் பதில் படி வைத்தோம், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

அடுத்த சிக்கல் மாதங்களால் வந்தது. தெலுங்கர்களுக்கு மாதம் அமாவாசை கழிந்து பிறக்கும். நமக்கு அப்படி இல்லை. அதனால் அவர்களுக்கு ஆகாத ஆஷாடம் எங்கள் ஆனி ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றுவிடும். எங்களுக்கு ஆடி முடிவதற்குள் அவர்களுக்கு நல்ல மாதம் பிறந்துவிடும். இரண்டு பேருக்கும் ஆகாத மாதங்களைக் கூட்டினால், எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவனுக்குக் கோடையின் கடைசி முழுக்கப் போயிற்று. தளம் போட்டு முடித்திருந்த மேஸ்திரி, ஆஷாடத்தில் வாசக்கால் நிறுத்த மாட்டேன் என்று கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். நைனாவோ, "ஆடி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாது. ஆவணில தவணை முடிஞ்சிடும். ரூம் முடியாட்டி இன்னா, பாலக் காய்ச்சிட்டா குடி வந்த மாதிரிதான்" என்று ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் நாள் குறித்தார்.

அன்று சித்தூரில் எந்த வாசலிலும் ஒரு மாவிலை கிடையாது. எங்கள் வாசலில் மட்டும் குலை தள்ளிய வாழைமரங்கள் இரண்டு பக்கமும் நின்றன. அண்ணியால் வர முடியவில்லை, மசக்கை. அண்ணன் மட்டும் வந்திருந்தார். கதவில்லாத அந்த அறையில் புகைக்கு நடுவே பால் பொங்கியதும் அவர் ஜன்னல் ஓட்டையில் தலையை நீட்டி, "இங்கிருந்து வேலூர் ரோடு தெரியுது பாப்பா. இனிமே பஸ் வர்றதைப் பாத்துட்டு இறங்கிப் போனாப் போதும்" என்றார். "நீ எங்கண்ணா பஸ் ஏறப் போற? இங்கயேதான இருக்கப் போற" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது எனக்கு.

அப்போது வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு ஓர் இளைஞர் வாழைமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏமண்டி, ஆஷாடத்தில கிருஹப்பிரவேசமா?"

நைனாவுக்கு ரோஷம். "எங்களுக்கு இன்னும் ஆனிதாங்க. வாங்க, ஒரு வாய் துன்னுட்டுப் போங்க."

அவர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். நகராட்சியில் கட்டட இன்ஸ்பெக்டராகப் புதிதாக வந்திருந்தார். இது பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவரும் புதிதாகக் கல்யாணம் ஆனவர். ஆஷாடத்தில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாது என்று மனைவியை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்களாம். ஓட்டல் சாப்பாடு நாக்கைக் கெடுத்துவிட்டது என்றார். அம்மா மனம் இளகி, பாயசத்தை இன்னொரு முறை ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு, "மேல ரூம் சூடலாமா, பாக்கலாமா?" என்று சந்துப் பக்கம் வந்தவர் முதல் படியிலேயே நின்றார். படியைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். கை துடைக்க நாங்கள் தந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"பிளான்ல படி எக்கட இருந்திச்சு?"

"ஈசானியத்துல. அத்தத்தான் மாத்திட்டோம்" என்றார் நைனா, பெருமையாக.

மறுநாளே படியை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. "பாயசம் துன்ன கை ஈரம்கூடக் காயல" என்று நைனா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இன்ஸ்பெக்டர்மேல் கோபம் வரவில்லை. ஊர் முழுக்க வெறும் வாசலாக இருந்தபோது நாங்கள்தான் வாழைமரம் கட்டி அவரைக் கூப்பிட்டிருந்தோம்.

ஆடி முழுவதும் நான் நகராட்சி ஆபீசில் இருந்தேன். மனுக்களை நானே டைப் அடித்தேன். இங்கிலீஷில் அடித்தால் பயப்படுவார்கள் என்று நம்பினேன். யாரும் பயப்படவில்லை. தமிழில் பேசினால் குமாஸ்தா தெலுங்கில் பதில் சொன்னார். நான் தெலுங்குக்கு மாறினால் "தமிழ்லயே சொல்லும்மா" என்றார்.

"ரூமுக்கு அனுமதி இருக்குதா சார்?"

"இருக்குது."

"படிக்கு?"

"பின்னாடி வெச்சிருந்தா இருந்திருக்கும்."

"அப்ப ரூமுக்கு எப்படிப் போறது?"

"அது ரூல்ல இல்லம்மா."

மேல்முறையீடு செய்கிறேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். "மெட்ராசுக்கு அனுப்பினா, நீங்க எங்க ராஜ்யம் இல்லம்பான். கர்னூலுக்கு அனுப்பினா, பழைய ஃபைலு மெட்ராஸ்ல இருந்து இன்னும் வரலம்பான். நான் ரெண்டுக்கும் அனுப்பறேன். இடிக்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்குது."

என் பின்னால் நின்றிருந்த நைனா, "அத்த மட்டும் ஏன் பிரிச்சிக் குடுக்காம வெச்சிக்கினீங்க?" என்று கேட்டார். குமாஸ்தாவே சிரித்துவிட்டார். ஆனால் தேதி மாறவில்லை.

கூடத்துக்குள்ளிருந்தே படி எடுக்கலாம் என்று அன்றைக்கே சொன்னேன். அதற்குக் கூரையின் கட்டைகளில் சிலவற்றை அறுக்க வேண்டும். நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆள் உயிரோட இருக்கறப்ப வீட்டு உத்திரத்துல ரம்பம் வெக்கச் சொல்றியா?" அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஆவணி பிறந்ததும் கடப்பாரைகளோடு ஆட்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள். கீழ்ப்படிகளை மட்டும் எடுக்கிறோம் என்றார்கள். அவற்றை எடுத்ததும் மேலே இருந்தவை தாமாகவே சரிந்தன. படிகளுக்கு அடியில் வைத்திருந்த அம்மாவின் துளசித் தொட்டியை இடிப்பதற்கு முன் அவர்களே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

மறு வாரம் அண்ணி அண்ணனோடு வந்தார். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அறையைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். நான் மேலே ஏறி, ஆஷாடம் கழிந்ததும் மேஸ்திரி வந்து மாட்டியிருந்த கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கீழே கேட்கும்படி சொன்னேன். இங்கே கட்டில் போடலாம் அண்ணி, இங்கே தொட்டில் கட்ட வளையம் அடித்திருக்கிறது, காற்று இப்படி வருகிறது.

"நல்லாருக்குது பாப்பா" என்றார் கீழேயிருந்து. "நீ சொல்றதே போதும்."

போகும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "நான் ஏணில ஏறிடுவேன். அவ இந்த ஒடம்போட எப்படி ஏறுவா? கொழந்தையத் தூக்கிக்கினு எப்படி எறங்குவா?" என்றார். அவர் சென்னை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் வேலூரில் வைத்திருந்தார்கள். பிறகு திருநெல்வேலி.

எங்கள் படிக்கட்டு மட்டும் ஃபைலாக ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. மெட்ராசிலிருந்து திரும்பி, கர்னூல் போய், தலைநகரம் மாறியதும் ஹைதராபாத் போயிற்று. நான் அந்த அறையில் உட்கார்ந்துதான் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்தேன். சாயங்காலம் வேலூர் ரோட்டில் பஸ் வரும். யாரும் இறங்கப் போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்ப்பேன். அண்ணன் குரலைவிட அவர் நடையைத்தான் அதிகம் தேடினேன். வலது தோள் கொஞ்சம் முன்னே வர, யாரையோ முந்தப் போகிறவர் மாதிரி நடப்பார். தூரத்தில் அப்படி நடக்கிற ஆண்கள் சித்தூரில் நிறைய பேர் இருந்தார்கள். கிட்டே வந்ததும் வேறு ஆளாகிவிடுவார்கள்.

ஒரு கோடை விடுமுறைக்குக் குழந்தையோடு வந்தார்கள். அவள் பேச்சு முழுக்கத் தாமிரபரணித் தண்ணீர். "அத்தே, மேல யாரு இருக்கா?" என்றாள்.

"யாரும் இல்ல. உங்க ரூம் அது."

"எங்க ரூமா? பொறவு ஏன் எங்கள ஏத்த மாட்டேங்கிய?"

இப்போது எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. எங்கள் தெருவில் அதற்காகச் சிலர் இனிப்புக் கொடுத்தார்கள், சிலர் கடையைச் சாத்தினார்கள். நான் பஸ் நேரம் பார்த்தேன். திருத்தணிக்கு இனி சென்னை ராஜ்யத்து குமாஸ்தாக்கள் வேண்டும். அண்ணன் அங்கே மாற்றல் கேட்டிருக்கிறார், கிடைக்கும்போலத் தெரிகிறது. அண்ணியும் குழந்தையும் சித்தூரில் இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் நகரி வழியாக பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வந்துவிடலாம். அண்ணி இந்த முறையும் அதே ஒரு ரூமைத்தான் கேட்டார், ஏறிப் போகிற மாதிரி.

எங்கள் படிக்கட்டைக் கண்ணால் பார்த்த அதிகாரி உலகத்தில் ஒருவர்தான். அவர் இப்போது திருப்பதி நகராட்சியில் இருக்கிறார். போன வாரம் நைனாவை இழுத்துக்கொண்டு பாகாலா வழி ரயிலில் போனேன். இன்ஸ்பெக்டருக்கு முன்மயிர் கொட்டியிருந்தது. நைனாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அம்மகாரு பாகுன்னாரா?" என்று அம்மாவைத்தான் முதலில் விசாரித்தார். சந்துப் பக்கம் இனி எந்தக் காலத்திலும் அனுமதி கிடைக்காது, ஹைதராபாத்துக்காகக் காத்திருப்பது வீண் என்றார். கொல்லையில் வைத்தாலும் பக்கத்து வீட்டுச் சுவருக்கு இடம் விடவேண்டும் என்று விதி மாறிவிட்டதாம். "உள்ள வெச்சிக்கோங்கம்மா. உள்ள வெச்சா நகராட்சி சாக்கடைக்கு என்ன கஷ்டம்? ஆனா, பிளான் முதல்ல, படி அப்புறம்."

திரும்பும்போது பாகாலா ஜங்ஷனில் நைனா எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கட்டைய அறுக்கணும்? நடு உத்திரமா?"

"இல்ல நைனா. செவுத்தோரமா இருக்கற சின்னக் கட்டைங்க. உத்திரத்தத் தொடவே வாணாம்."

ரயில் கிளம்பி, மாந்தோப்புகள் ஓட ஆரம்பித்த பிறகு சொன்னார்: "அறுக்கற அன்னிக்கு நான் இருக்க மாட்டேன். புத்தூர் போய்டறேன். முடிஞ்சதும் ஆள் அனுப்பு."

புதிய பிளானை நானே வரைந்திருக்கிறேன். கூடத்தின் வடக்குச் சுவரை ஒட்டி, குழந்தை ஏறுகிற உயரத்துக்குத் தாழ்வான படிகள், ஒரு பக்கம் கைப்பிடி. நாளை ஆபீஸ் திறந்ததும் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போக வேண்டும். கட்டைகளைத் தட்டிப் பார்க்க அவரை இந்த வாரமே கூட்டி வந்துவிடுவேன். அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை. பிளானுக்கு முத்திரை விழட்டும், முதல் படி வைத்ததும் எழுதுகிறேன்.