வராத பிரிண்ட்

அம்மாவின் வருஷப் பூசைக்கு முந்தின நாள் மதியம், படுக்கையறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அண்ணன் இருப்பது அடுத்த வீட்டில்தான். ஆனால் எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருடம். அம்மாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும், "நீ லேட்டு பண்ணதாலதான் அம்மா போயிடுச்சி" என்று கத்திவிட்டேன். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று சொன்னதே நான்தான்.

கையால் எழுதினால் மூன்றாவது வரியிலேயே கிழித்துவிடுவேன் என்றுதான் டைப் அடித்தேன். தாளில் ஒருமுறை படித்துப் பார்த்து, தைரியம் வந்தால் பூசையில் கொடுப்பது, வராவிட்டால் அடுப்பில் போடுவது என்று திட்டம்.

பிரிண்டர் கூடத்தில், லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்தது. வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் பிரிண்ட் எடுக்கலாம் என்று திண்டிவனத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். லேப்டாப்பில் தேடினால் ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள் தெரிந்தன. எனக்கு லினக்ஸ் பாதி புரியாது. ஒன்றையே இரண்டு தரம் காட்டுகிறதாக்கும் என்று மேலே இருந்ததை அழுத்தினேன்.

பிரிண்ட் ஆகிவிட்டது என்றது திரை. கூடத்துக்கு ஓடினேன். பிரிண்டர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. திரும்ப வந்து அழுத்தினேன், திரும்ப ஓடினேன். தாள் இருந்தது, மை இருந்தது, பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தால் பிரிண்டருக்கு எதுவுமே வந்ததாகக் காட்டவில்லை. அங்கே முடிந்துவிட்டது, இங்கே ஆரம்பிக்கவே இல்லை. எதைத்தான் நம்புவது? பிரிண்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடி அழுத்தினேன்.

கூடத்தில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாங்க, ரூமுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கினே இருக்கீங்க?"

"டெஸ்ட் பண்றேன்."

"இந்தக் கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

அவள் முன்னால் கடிதத்தை எப்படித் திறப்பது? எரிச்சலில் இன்னும் எட்டு தரம் அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடினேன். கொடுக்க வேண்டாம் என்று ஆண்டவரே சொல்கிறார் போல என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஐந்து மணிக்கு கேட் திறந்தது. அண்ணன், கையில் ஒரு கத்தைத் தாளோடு. மேல் தாளின் முதல் வரி வாசலிலிருந்தே தெரிந்தது: "அண்ணா, அன்றைக்கு நான் சொன்னது பொய்."

அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சு நின்றாலும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நெட் இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை. கம்ப்யூட்டரும் பிரிண்டரும்கூட இருவரும் ஒரே கடையில் ஜோடியாக வாங்கியவை. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். நான் அழுத்தியதெல்லாம் அண்ணன் வீட்டில் போய் விழுந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் வெட்கத்தில் காது எரிய நின்றேன்.

"பதினோரு காப்பி வந்துச்சிடா" என்றார் அண்ணன். "நான்தான் அம்மாவ சாவடிச்சிட்டேன்னு ஒரு வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். மொதல் காப்பிய நான் நம்பவே இல்ல."