பாலம் இருப்பதாக நான் எழுதிய ஓடை

நசீர் பாய் இன்று காலை இறந்துவிட்டார்.

வாணியம்பாடியிலிருந்து அவர் பேத்தி போன் செய்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். எனக்கு முட்டி ஒத்துழைக்காது, பஸ் ஏற முடியாது... அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாயை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அறுபதுகளில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ். அவர் டைப்பிஸ்ட், நான் புதிதாகச் சேர்ந்த கிளார்க். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம்.

சட்டசபையில் உறுப்பினர் கேள்வி கேட்பார், மந்திரி எழுந்து பதில் படிப்பார். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிலை முதன்முதலில் எழுதுவது என்னைப் போல ஒரு கிளார்க்தான்.

மெட்ராஸிலிருந்து சிவப்புச் சீட்டு ஒட்டிய கவர் வரும். மறுநாள் தபாலில் பதில் போயாக வேண்டும். மலை ஏறிப் பார்த்துவிட்டு இறங்க இரண்டு நாள் ஆகும். ஆகவே ஃபைலைப் பார்த்து எழுதிவிடுவோம். அதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அப்படித்தான் அந்தக் கேள்வியும் வந்தது. மலையில் ஓர் ஊருக்குப் போகும் வழியில் பாலம் இல்லாமல் மழைக்காலத்தில் ஜனங்கள் ஓடையைத் தாண்ட முடியாமல் தவிப்பது உண்மையா? உண்மையெனில் பாலம் எப்போது கட்டப்படும்?

ஃபைலில் "பணி முடிந்தது" என்று பழைய ஆபீசர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். முதல் கேள்விக்கு "இல்லை" என்று எழுதினேன். இரண்டாவதற்கு "எழவில்லை". அதாவது, முதலாவதே உண்மையில்லை, அப்புறம் இரண்டாவது கேள்விக்கு ஏது இடம்! அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது... வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டைப் அடிப்பதற்கு முன்னால் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அங்க பாலம் இல்லீங்களே. எங்க அண்ணன் தோல் பதம் பண்ண கடுக்கா வாங்க மாசாமாசம் மலைக்குப் போறாரு. தண்ணியில எறங்கித்தான் தாண்டறாரு."

ஹெட் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபைல்ல கீதா இல்லியா? அத்த சொல்லுங்க பாய்."

பாய் அடித்தார். மந்திரி படித்தார். பேப்பரில் இரண்டு வரி வந்தது. அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மடையன்.

மந்திரி சட்டசபையில் சொன்னால் சொன்னதுதான், அதற்கப்புறம் மாற்ற முடியாது. அந்த ஊர்க்காரர் சின்னாண்டி, சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் பாலம் கேட்டு மனு கொண்டுவருவார். "ஏற்கெனவே உள்ளது" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். "சாமி, அந்தப் பாலம் எங்க கீதுன்னு காட்டுங்க. நாங்க அது மேலயே நடந்துக்கறோம்."

ஆபீஸே சிரித்தது. பாய் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "மலைல மழையா தம்பி?" என்றார்.

அந்த ஐப்பசியில் விடாமல் கொட்டியது.

ஒரு சந்தைக்குச் சின்னாண்டி வரவில்லை. அடுத்த சந்தைக்கும் வரவில்லை. ஆபீஸில் யாரும் அவர் பேச்சை எடுக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை... பயம்.

பிறகு மறுபடியும் சிவப்புச் சீட்டு. பாலம் இல்லாத ஓடையைத் தாண்டும்போது சின்னாண்டியையும் அவர் மனைவியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது உண்மையா?

ஹெட் கிளார்க் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பாலம் கீறப்போ அவங்க இன்னாத்துக்கு ஓடையில எறங்கறாங்க? எழவில்லைன்னு போட்டு அனுப்புப்பா."

எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன்.

பாய் அதை வாங்கிப் படித்தார். மெஷினில் மாட்டியிருந்த பேப்பரை உருவினார். எழுந்து, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"இத நான் அடிக்க மாட்டேன். உக்காருங்க தம்பி, நீங்களே அடிங்க."

ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தேன். முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்தப் பதிலையும் மந்திரி படித்தார்.

அடுத்த மாதமே பாயைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரமோஷன்கூட வந்தது.

ரிட்டையர் ஆனபிறகு கண்ணமங்கலத்தில் வீடு கட்டினேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். பாய்க்கு அது தெரியும். மழைக்காலம் வந்தால் போன் வந்துவிடும். என்னை ஒருநாளும் திட்டியதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மலைல மழையா தம்பி?"

அந்தப் போன் வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இப்போதாவது அங்கே பாலம் இருக்கிறதா என்று கமெண்டில் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்த ஓடைக்குப் போனதில்லை.

நேற்று சாயங்காலமும் கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"இல்ல பாய், வானம் வெளுத்துக் கெடக்குது. நிம்மதியா தூங்குங்க" என்றேன்.

"அப்டீங்களா... சரி" என்று வைத்துவிட்டார்.

ஜன்னலைத் திறந்து பார்க்காமல்தான் சொன்னேன்.

இப்போது திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மலையே தெரியவில்லை பாய். மழைதான். நேற்றும் மழையாகத்தான் இருந்திருக்கும்...

போய் வாங்க பாய்.