தீட்டுச் சாய்ப்பு

இன்று காலை அடுத்த வீட்டுக்காரி பல்பொடிக்காக உமி கருக்கினாள். வாசலில் சட்டியை வைத்து மூட்டம் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். புகை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாசல் வரைக்கும் போனவள் கேட்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். உமி கருகும் வாசம் மற்றவர்களுக்குப் பல் விளக்கும் நினைப்பைத் தரும். எனக்குக் கல் நினைப்பைத் தருகிறது, கூடவே வயிற்றெரிச்சலையும்.

உங்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் கடைசியில் பளபளப்பு ஏற்றுவது இந்த உமிக்கரியால்தான். செப்புச் சில்லில், அதாவது சக்கரத்தில், கரியைக் குழைத்துப் பூசி, சில்லைச் சுழலவிட்டு, கல்லை மெல்ல ஒட்டிப் பிடித்தால் போதும். அதுவரை மங்கிக் கிடந்த கல் முகம் கழுவிவிட்ட பிள்ளை மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கரிதான். என் வீட்டுக்காரர் அதிலேயே கல்லும் விளக்குவார், பல்லும் விளக்குவார். "ஒங்க பல்லையும் ஒரு கங்காணிகிட்ட வித்துரலாம்" என்று கேலி செய்வேன். அப்போதெல்லாம் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

அது காப்பிக் காலம். இப்போது கண்டியைச் சுற்றி எந்த மலையைப் பார்த்தாலும் தேயிலைதான், சீவி வைத்த தலை போல ஒரே மட்டமாக. அப்போது ஹேவாஹெட்டப் பக்கத்து மலையெல்லாம் காப்பி. பூக்கும் நாளில் வாசம் பள்ளத்துக்கு இறங்கிவரும். பழம் பறித்து முடிந்ததும் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் எங்கள் தெருவழியாகப் போக ஆரம்பிக்கும். தூசி என்றால் அப்படி ஒரு தூசி. எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி என்று ஒன்று இருந்ததே இல்லை.

காப்பி ஓடினால் காசும் ஓடும். துரைமாருக்கு மோதிரக் கல் வேண்டும், கங்காணிமாருக்குக் கடுக்கன் கல் வேண்டும். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பட்டறையில் கல் தீட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே சொந்தமாக ஒரு சில்லு நட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. "எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கூடத்துல குனிஞ்சு உக்காந்திருக்கிறது" என்பார். முதலாளி நல்ல மனிதர். ஆசையைத் தெரிந்துகொண்டு பழைய சில்லு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். "கொண்டு போங்க தம்பி, எனக்குப் புதுசு வந்தீக்கி. பாதி நாள் இங்க வாங்க, பாதி நாள் ஒங்கட வேலையப் பாருங்க" என்றாராம்.

சில்லு வந்துவிட்டது. எங்கே நடுவது? முன் அறையில் தெருத் தூசி. பளபளப்பு ஏற்றும்போது ஒரு மண் துணுக்கு உள்ளே புகுந்தால் போதும், அத்தனை வேலையும் கீறலாகிப் போகும். நடு அறையில் வெளிச்சம் இல்லை, அடுப்படியில் புகை. மிச்சம் இருந்தது பின்சுவரோடு ஒட்டி இறக்கிய ஒரு சின்னச் சாய்ப்பு. வடக்குப் பார்த்த அரைச்சுவர் என்பதால் வெயில் நேரே விழாது, பொழுது சாயும் வரை ஒரே சீரான வெளிச்சம். கல் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆனால் அந்த இடம் என்னுடையது.

என்னுடையது என்றால், மாதத்தில் மூன்று நாள் நான் வீட்டுக்கு விலக்காகும்போது ஒதுங்குகிற இடம். என் பாய், என் தட்டு, என் தம்ளர் எல்லாம் அங்கேதான். அவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்து கேட்டார். "சாய்ப்ப எடுத்துக்கட்டுமா? ஒனக்கு ஒரு ஓரத்தை மறைச்சுத் தாறேன்." சரி என்றேன். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார் என்பதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னையே நாலு கேட்கத் தோன்றுகிறது.

பலாக் கட்டையில் இரண்டு கால் நட்டு, நடுவில் அச்சைக் கோத்து, ஒரு முனையில் சில்லை மாட்டினார். அச்சைச் சுழற்றக் கித்துள் மரத்தில் ஒரு வில். வலது கை வில்லை இழுக்கும், இடது கை கல்லைப் பிடிக்கும். கல்லை அரக்கால் ஒட்டிப் பிடிக்கக் காய்ந்த காப்பிக் குச்சிகள், அவை இரும்பு மாதிரி. சாணி மெழுகிய தரை பொருக்கு விட்டுத் தூசி கிளப்பும் என்று களிமண் கொட்டித் திமிசு போட்டோம். மிதித்தது முழுக்க நான்தான். தெறித்து விழும் கல்லைப் பிடிக்கக் கீழே என் பழைய சேலை ஒன்றை விரித்தோம். ஓரத்தில் காப்பிச் சாக்கைப் பிரித்துத் தைத்து ஒரு மறைப்புத் தொங்கவிட்டார். சாக்குக்கு அந்தப் பக்கம் பட்டறை, இந்தப் பக்கம் என் மூன்று நாள்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது முன்பிருந்தே தீட்டுச் சாய்ப்புதான். "மருமக எங்க" என்று யாராவது கேட்டால் "தீட்டுச் சாய்ப்புல" என்பார், கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சில்லு நட்ட பிறகு "மகன் எங்க" என்று கேட்டாலும் அதையே சொன்னார். முதல் தடவை கேட்டபோது நானும் என் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "விடு, பேரு இப்பத்தான் சரியாப் பொருந்துது" என்றார் அவர். கல்லைத் தீட்டினாலும் தீட்டு, பெண் ஒதுங்கினாலும் தீட்டு. நம் பாஷைக்கும் குசும்பு இருக்கிறது பாருங்கள்.

விலக்கான நாளில் எனக்கு அடுப்பு கிடையாது, குடம் கிடையாது, துடைப்பம் கிடையாது. ஒரு சாக்கை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஓரத்தைத் தூக்கி அவர் வேலையைப் பார்ப்பேன். ஒரு நாள் அவரே குச்சியை நீட்டினார். "சும்மாதானே இருக்க, இதைப் பிடி."

"இன்னைக்கு நான் தொடலாமா?"

"கல்லுக்கு என்ன தெரியும். கழுவுனாப் போச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. எதையும் தொடக்கூடாத நாளில்தான் நான் தொழில் படித்தேன். மற்ற நாளில் அடுப்பு விட்டால்தானே. அத்தைக்குத் தெரியும், தெரியாதவர் மாதிரி இருந்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கையக் கழுவிட்டுச் சாப்பிடு தாயி, கல்லுச் சேறு வயித்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

குண்டசாலைப் பக்கம் மண் தோண்டுகிறவர்கள் சந்திரகாந்தக் கல் கொண்டுவருவார்கள். பார்த்தால் உறைந்த கஞ்சிதான். ஆனால் உள்ளே ஒரு நீலம் இருக்கும், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்தை உச்சியாக வைத்து உருட்டித் தீட்டினால் கல்லின் நடுவில் நீலம் வந்து நிற்கும். கொஞ்சம் பிசகினால் விலாவில் போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் அதை யாரும் வாங்கமாட்டார்கள். மற்றக் கற்களில் என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். இது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை, எனக்குப் பிடிபட்டது. தண்ணீரில் நனைத்து அரைச்சுவர்ப் பக்கம் திருப்பினால் நீலம் எங்கே நிற்கிறது என்று என் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இதைச் சொல்ல இத்தனை வருஷம் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

நான் தீட்டிய கல் ஒன்று எப்படியோ ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் கண்ணில் பட்டிருக்கிறது. ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிறவர், தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தோட்டத்து மாரியம்மனுக்கு நெற்றிப் பொட்டு செய்கிறார்கள், நடுவில் சந்திரகாந்தம் பதிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த வேலை கிடைத்தால் மற்றத் தோட்டத்துக் கங்காணிகளும் பின்னாலேயே வருவார்கள், முதலாளி பட்டறையை அடியோடு விட்டுவிடலாம். வீட்டில் சில்லு நட்டதே அதற்குத்தான்.

எனக்கு அன்று இரண்டாம் நாள். நான் சில்லுக்கு முன்னால் இருந்தேன், என் வீட்டுக்காரர் பக்கத்தில் அரக்கு இளக்கிக்கொண்டிருந்தார். முன் அறையில் அத்தை கங்காணிக்குக் கதிரை போட்டுக் காப்பித் தண்ணி கொடுப்பது கேட்டது.

"மகன் எங்கம்மா?"

"தீட்டுச் சாய்ப்புல இருக்கான். இந்தா வரச் சொல்றேன்."

தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். "ஆம்பளைக்கு என்னம்மா தீட்டு?"

அத்தை சிரித்துவிட்டார். "அய்யே, அதில்லைங்க. கல்லுத் தீட்டுற சாய்ப்பு."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எடத்தை ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்" என்று எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வெளியே காட்டினார். நான் குச்சியும் கையுமாகப் பின்படியில் இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றேன். தூறிக்கொண்டிருந்தது.

உள்ளே கங்காணி கைத்தடியால் சாக்கைத் தூக்கியிருக்க வேண்டும். "இது யாரு பாயி?"

"பழைய பாய்ங்க. சும்மா கெடக்கு."

"வீட்டுப் பொம்பளைங்க இங்க ஒதுங்குறது உண்டா தம்பி? அம்மன் நெத்திக்குப் போற கல்லு, கேக்காம இருக்க முடியல."

"இல்லைங்க. அவுங்களுக்கு வேற எடம் இருக்கு."

"நான் பாத்த அந்தக் கல்லு யாரு வேலை?"

"என் கைதாங்க. இங்க வேற யாரு கையும் படாது."

நான் என் கையைப் பார்த்தேன். கல்லுச் சேறு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. மாரியம்மன் ஆம்பளையா என்று உள்ளே போய்க் கேட்டுவிடலாம் போல இருந்தது. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும், வாயை மூடிக்கொண்டு நனைந்தேன்.

கங்காணி திருப்தியாகப் போனார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இனிமே நீ இந்தப் பக்கம் வராத."

"மூணு நாளைக்கா?"

"எப்பவும்தான். சொன்ன பொய்ய உண்மையாக்கணும்ல. அம்மன் காரியம்."

"அப்ப நான் எங்க ஒதுங்குறது?"

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை. அங்கே இங்கே பார்த்துவிட்டு, "வெறகு அடுக்குற எடம் இருக்குல்ல" என்றார்.

கங்காணி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்குத் தெரிந்த நியாயத்தை அவர் கேட்டார். கல்லுக்கு என்ன தெரியும் என்று சொன்ன அதே வாய் வேற யாரு கையும் படாது என்றதே, அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. அதுவும் வாய் கூசாமல்.

விறகடியில் கூரை முழங்கை அகலம். மழைக்காலத்தில் சாரல், கட்டைக்குள் பூரான். அத்தை தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். "அந்தப் பேரச் சொல்லித் தொலைச்சிட்டேனே தாயி" என்றார். "ஒங்க மேல என்ன இருக்கு அத்தை" என்றேன். அன்றிலிருந்து அவர் அதைப் பட்டறை என்றுதான் சொன்னார். என் பாயும் தம்ளரும் போன பிறகு சாக்கையும் கழற்றிவிட்டார்கள், பட்டறைக்கு இடம் தாராளமாகிவிட்டது.

கங்காணியின் கல் வந்தது. அதை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் திண்டாடினார் என்பது வில் நின்று நின்று ஓடுவதிலேயே தெரிந்தது. கடைசியில் அடுப்படி வாசலுக்குக் கொண்டுவந்தார், தண்ணீரில் நனைத்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "நீலம் எங்க நிக்குது பாரு. தொடாம சொல்லு."

கண்ணுக்குத் தீட்டு இல்லையாம். கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்க, இன்னும் கொஞ்சம், அங்கதான் என்று சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது, பானையில் வேகிற அரிசி அந்த வேலையிலிருந்து வருவதுதானே. கல் நன்றாக வந்தது. கங்காணி தாம்பாளத்தில் வேட்டி வைத்துக் கொடுத்து "கைராசிக்காரத் தம்பி" என்றார். மற்றக் கங்காணிகளும் வந்தார்கள். ஒவ்வொரு சந்திரகாந்தமும் அடுப்படி வாசலுக்கு வந்து என்னிடம் முகம் காட்டிவிட்டுப் போயிற்று. தோட்டத்துத் திருவிழாவில் அம்மன் நெற்றியில் அந்தக் கல்லைப் பார்க்க அவரும் அத்தையும் போனார்கள். எனக்கு அன்று விறகடி.

பிறகு காப்பி இலைக்கு அடியில் மஞ்சள் பொடி மாதிரி ஒரு நோய் கண்டது. முதலில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷம் போகப் போக மலை மலையாக இலை உதிர்ந்து மொட்டைக் குச்சியாக நின்றது. துரைமார் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். பெரிய கங்காணி ஊருக்குப் போனார், திரும்பவில்லை. அந்தத் தோட்டத்துக் காப்பியைப் பிடுங்கித் தேயிலை வைத்தபோது கோயிலையும் பெயர்த்து வேறு எங்கோ வைத்தார்களாம். பொட்டு என்ன ஆனதென்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. தெருவில் வண்டிகள் குறைந்தன, கல் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். முதலாளி கடையை மூடினார். அத்தை போய்ச் சேர்ந்தார். அடுப்படி வாசலுக்குக் கல் வந்து பல வருஷமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் எப்போதாவது வரும் மோதிரக் கல்லுக்காகச் சில்லை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் அந்த மூன்று நாள் நின்றுபோயிற்று. போன வருஷம் அதைத் தெரிந்துகொண்டவர் அடுப்படிக்கு வந்து, ஏதோ வரம் கொடுக்கிறவர் மாதிரிச் சொன்னார். "இனிமே நீ பட்டறைக்கு வரலாம். ஒரு தடையும் இல்ல."

"எனக்கு வேலை கெடக்கு" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

போகாமல் இல்லை. அவர் கலகெதரைக்குப் போன ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பெட்டியில் ஒரே ஒரு சந்திரகாந்தம் கிடந்தது, முன்பு நானே நீலம் பார்த்துச் சொன்ன கல். நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடப்பக்கம் சாய்த்தேன், வலப்பக்கம் சாய்த்தேன், கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். கஞ்சிதான் தெரிந்தது. நாலு பக்கமும் வெறும் கஞ்சி. கல்லைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பழைய வீம்பில்தான் வரமாட்டேன் என்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அப்படித்தான் சொல்கிறாராம். நினைத்துக்கொள்ளட்டும்.