நெற்றியில் ஒரு நாய்க்காது

நெற்றித் தையலைப் பிரித்த அன்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மதுராந்தகம் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். திக்கென்றது.

ரொம்ப வருஷமாக நடு நெற்றியில் உட்கார்ந்திருந்த கொழுப்புக் கட்டி போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தையல் கோட்டின் இரண்டு முனையிலும் தோல் மடிந்து, புடைத்து... இதென்ன புதுசாக?

என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். சதுரங்கப்பட்டினத்தில் மீன் வியாபாரம். மீனுக்கு ஐஸ் வைப்பான்; மனுஷனுக்கு வைக்க மாட்டான்.

"இன்னா மச்சான், ஒரு கட்டிய எடுத்துட்டு ரெண்டு கொம்பு வெச்சி அனுப்பிக்கீறாங்க?"

எனக்குச் சிரிப்பு வருமா? மகளுக்கு நிச்சயம் பேசி வைத்திருந்த நேரம். கருங்குழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் திரண்டு வருவார்கள். பெண்ணின் அத்தா கொம்போடு வாசலில் நின்றால் எப்படி?

"ஏங்க, திரும்பப் போயி அதையும் வெட்டிட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி. போனோம்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். "இதுக்கு நாய்க்காதுன்னு பேரு."

"யா அல்லாஹ்! தொழுவுற நெத்தியில நாயா?" என் மனைவி பதறிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. "பேருதாம்மா அது. உருண்டையா கட்டி இருந்த எடத்த ஒரே கோடா இழுத்துத் தெச்சா, மிச்சத் தோலு முனையில மடிஞ்சி நிக்கும். இப்ப வெட்டினா தழும்புதான் நீளும். நெறைய பேருக்கு மாசம் போகப் போக தானா அமுங்கிடும்."

"அமுங்கலேன்னா?"

"அப்ப வெட்டிக்கலாம். என்ன அவசரம்?"

அவசரம் எங்களுக்குத்தானே! ஆனாலும் காத்திருந்தோம்.

புண் ஆறி, தொழுகையில் முதன்முதலாக நெற்றியைத் தரையில் வைத்தபோது, பாய்க்கும் எனக்கும் நடுவே இரண்டு புளியங்கொட்டை இருப்பது போலிருந்தது. அப்புறம், தொழுகைக்கு முன் ஒளு செய்து முகம் கழுவும்போதெல்லாம் விரல் தானாக அங்கே போகும். முதலில் கெட்டியாக இருந்தது. பிறகு இளகியது. ஒருநாள் இடது பக்கம் தடவினேன் – ஒன்றுமே இல்லை! வலது பக்கம்தான் பிடிவாதம். துளியூண்டு மேடாக, கறுத்துப்போய் நின்றுவிட்டது.

போன ஞாயிறு நிச்சயம். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். மதியம் லுஹர் தொழுது எழுந்தபோது தொப்பி மேலே ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தா என் நெற்றியையே பார்த்தார். போச்சு!

"மாஷா அல்லாஹ்! தொழுது தொழுது நெத்தி எப்டி காச்சிப் போயிக்கீது பாருங்க" என்று தன் ஆட்களிடம் காட்டினார். எல்லோரும் மரியாதையாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். சுகமாகத்தான் இருந்தது. ஆனால், இல்லாத பெயரை வாங்கிக்கொண்டா பெண்ணைக் கொடுப்பது?

"சம்பந்தி, அது தொழுகை இல்லீங்க... கொழுப்பு. வெட்டி எடுத்தாங்க!"