விளாவிய தண்ணீர்

என் மகனுக்குப் பால்மா கரைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் குடியேற்றத்தில் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நானே கொஞ்சம் ஊதியும் விட்டேன். வாயாடி என்று எனக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அதையும் மறுக்க மாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், கிளிநொச்சிப் பக்கத்தில் குளத்து வாய்க்காலை நம்பி எங்களுக்கு வயல்காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறத்தியாரின் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற என் கணவர், தன் கையால் மரம் தறித்து வேர் கிளப்பிய மண் அது. முதல் போகம் அறுத்த அன்று வரம்பில் நின்று, ஒருவரோடும் கதைக்காமல், தன் பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்ததை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

மகனுக்கு இரண்டு மாதம் நடக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் நடுங்கிக் கிடந்தேன். காய்ச்சல் போகிற போக்கில் என் பாலையும் கொண்டு போய்விட்டது. முருங்கை இலை, உள்ளி, பால்சுறா என்று எவர் எதைச் சொன்னாலும் சாப்பிட்டேன். ஒரு சொட்டு ஊறவில்லை. பிள்ளை வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அழுவான். பெற்ற பிள்ளைக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் பகுதிக்குச் சைக்கிளில் வந்துபோகும் அரசாங்க மருத்துவமாது பால்மாத் தகரப்பேணி ஒன்றும் சூப்பிப் போத்தல் ஒன்றும் கொண்டுவந்தார். நாங்கள் அவரை மிஸி என்று கூப்பிடுவோம். குசினியில், அடுப்படியில், என் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். முதலில் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். போத்தலையும் சூப்பியையும் சட்டியில் போட்டு அவிக்க வேண்டும். தண்ணீர் கொப்புளித்துக் கொதிக்க வேண்டும். கரண்டியில் மாவைக் குவித்து அள்ளக் கூடாது, கத்தி முதுகால் வழித்துவிட வேண்டும். பிள்ளை குடித்து மிஞ்சியதை வைத்திருந்து திரும்பக் கொடுக்கவே கூடாது.

தண்ணீர் கொதித்து இறக்கியதும் மிஸி தன் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். என் ஊர் எது, தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று விசாரித்தார். பிள்ளை நித்திரை. கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். பிறகு கேத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாலைக் கரைத்தார். அந்தக் கதையை நான் கதை என்றுதான் நினைத்தேன். தண்ணீர் தானாக ஆறட்டும் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் எல்லாம் அச்சொட்டாகச் செய்தேன். அயலில் ஒருத்தி போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதாதா என்று கேட்டதற்கு, "உன்ரை பிள்ளைக்கு நீ சாம்பலைக் கரைச்சுக் குடு" என்று சொல்லி அனுப்பினேன். மிஞ்சிய பாலைக் கோழிக்கு ஊற்றுவதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கும் பதில் வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், சொன்ன சொல் தவறாமல் செய்கிறவள் என்ற செருக்கு எனக்கு நிறைய இருந்தது.

ஆனால் பசித்த பிள்ளை காத்திருக்குமா? கேத்தல் கொதிக்கும் முன்பே வீரிட்டு அழத் தொடங்கிவிடுவான். கொதித்த தண்ணீரை விளாவாமல் எங்களில் யார் தொட்டிருக்கிறோம்? முழுகுவதற்கு வைக்கும் தண்ணீரானாலும், பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றும் வேப்பிலைத் தண்ணீரானாலும், பச்சைத் தண்ணீர் விட்டுச் சூட்டைப் பதமாக்கித்தான் எடுப்போம். கையை வைத்துப் பார்க்க ஒருவர், தண்ணீர் விட ஒருவர். அதை ஒருவரும் ஒருவருக்கும் படிப்பிப்பதில்லை.

எங்கள் வீட்டில் தண்ணீர் விடுகிறவர் என் கணவர். விடியற்காலையில் வாய்க்காலில் இரண்டு குடம் அள்ளிக்கொண்டு வந்து மண்பானையில் ஊற்றி, தேற்றாங்கொட்டை உரைத்துக் கலக்கி வைப்பார். வெயில் ஏறும்போது பானையின் அடி தெரியும், அவ்வளவு தெளிவு. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கோப்பையில் இருக்கும் சுடுதண்ணீரில் விரல் வைத்துப் பார்ப்பேன். அவர் செம்பில் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

"காணுமோ?"

"காணும்."

வயலுக்குப் போகுமுன் அந்த ஒரு வேலையை அவர் தவறவிட்டதில்லை. பிள்ளைக்குத் தன் கையாலும் ஏதோ போகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம்.

பிள்ளை முதலில் தேறினான். கன்னம் வைத்தது. பிறகு வயிற்றோட்டம் தொடங்கியது. இரண்டு நாளில் நின்று, ஒரு கிழமையில் திரும்ப வந்தது. கண்ணூறு என்றார்கள். மா புளித்துவிட்டது என்றார்கள். புதுப் பேணி உடைத்தேன். மிஸி வந்தபோது எல்லாவற்றையும் கேட்டார்.

"தண்ணியைக் கொதிக்க வைக்கிறனியோ பிள்ளை?"

"ஓம் மிஸி. ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்கிறனான்."

"போத்தல்?"

"அவிக்கிறனான்."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவரும் பொருத்தமாகத்தான் கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டுப் போனார். போய் மருந்து எடுத்து வந்தோம். மருந்தையும் அதே தண்ணீரில்தான் கரைத்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது அவனுக்கு அழவும் தெம்பில்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது. மத்தியானம் அயலவரின் வண்டிலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வண்டில் பெரிய தெருவில் ஏறுமுன்பே என் மடியில் அவன் முடிந்துபோனான். மாட்டைத் திருப்பும்படி அவர் சொன்னார். நான் திருப்ப வேண்டாம் என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வரை போய், வாசலில் இறங்காமலே திரும்பி வந்தோம். எங்கள் மேட்டுக்காணியின் எல்லையில், பாலைமரத்தடியில், அவரே குழி தோண்டினார். அவனுக்கு ஐந்து மாதம் நிறைந்திருக்கவில்லை.

அடுத்த வருடம் வயிற்றில் பிள்ளை தங்கி, நான் திரும்பவும் முழுகாமல் இருந்தேன். பக்கத்துக் காணிக்காரி இரட்டைப் பிள்ளைகள் பெற்றாள். இரண்டுக்கும் பால் போதவில்லை என்று மிஸி அவளுக்கும் பேணி கொண்டுவந்தார். அதில் ஒரு பிள்ளையை நான் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய குசினிக் கதவோடு நின்றேன். இரண்டும் பசியில் கத்துகின்றன. தண்ணீர் கொதித்து இறக்கியதும் அவள் இயல்பாகப் பானைப் பக்கம் திரும்பிச் செம்பை எடுத்தாள். மிஸி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யிறாய்?"

"விளாவப் போறன் மிஸி. கொதிக்குதல்லோ."

"பச்சைத் தண்ணியை விட்டால் பிறகேன் கொதிக்க வைச்சனி? அது தானா ஆறவேணும். பிள்ளை அழுதால் அழட்டும்."

நான் கதவோடு நின்றபடியே கேட்டேன். "கொஞ்சம் விட்டாலுமோ மிஸி?"

"ஒரு சொட்டும் விடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், கேட்டது யார் என்று கண்டார். அவருடைய முகம் மாறியது. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கையில் இருந்த பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மிஸி சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார். எங்கள் படலையடியில் நின்று, "நான் உனக்கு அதைச் சொல்லியிருக்க வேணும் பிள்ளை" என்றார்.

"ஓம், நீங்கள் சொல்லியிருக்க வேணும்" என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பாவம், எந்தத் தாய் எதைக் கையில் எடுப்பாள் என்று அவர் எப்படி முன்கூட்டிக் காண்பது? அதை நினைக்கிற பக்குவம் எனக்குப் பல வருடம் பிந்தித்தான் வந்தது.

கணவரிடம் சொல்லத்தான் வீட்டுக்குள் போனேன். அவர் மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாத்திவிட்டு, நான் வாய் திறக்குமுன் தன் முடிவைச் சொன்னார்.

"இஞ்சேரும், காணியைத் திருப்பிக் குடுக்கப்போறன். இந்தத் தண்ணியும் காத்தும் எங்கடை பிள்ளையளுக்கு ஒத்துவராது. இதையும் நான் பறிகுடுக்க ஏலாது."

இந்த வன்னி மண்தான் பிள்ளையைக் கொன்றது என்று அவர் நம்பினார். என்னை இந்தக் காட்டுக்குக் கூட்டி வந்தது தன் ஆசைதான், ஆகவே கொன்றது தானே என்றும் நம்பினார். ஒரு வருடமாக அந்த நினைப்போடுதான் அவர் சாப்பிட்டார், உழுதார், படுத்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காணியில் பிழையில்லை, காற்றில் பிழையில்லை, தண்ணீரை ஆறவிட்டால் அடுத்த பிள்ளை இதே மண்ணில் வளரும். அவர் வெட்டிய வயல் அவருக்கு நிற்கும். மகனும் எங்கள் எல்லைக்குள்ளேயே கிடப்பான்.

ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், செம்பைப் பிடித்தது யார் என்று அவர் உடனே நினைப்பார். விடச் சொன்னது நான். அது அவருக்குப் பெரிதாகப் படாது. விட்டது தன் கை என்பதுதான் அவருக்குள் நிற்கும். எனக்கு அவரைத் தெரியும். வயலை இழந்தால் மனிதன் கூலிக்குப் போயாவது பிழைப்பான். அதைத் தெரிந்துகொண்டு அவர் பிழைக்க மாட்டார் என்று பயந்தேன். என் பிழையும் அதோடு வெளியே வரும் என்ற பயம் அதில் எவ்வளவு, அவர்மேல் வைத்த அன்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்கு முடியவில்லை. நான் வாயாடி. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"உங்கடை விருப்பம்" என்றேன்.

அறுவடை முடிந்து காணியைக் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார். புறப்படுகிற அன்று காலையில் வண்டிலில் சாமான் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் பாலைமரத்தடிக்குப் போனோம். ஆறு மாத வயிற்றோடு என்னால் குனிய முடியவில்லை. அவர் குந்தியிருந்து சருகுகளைக் கையால் கூட்டித் தள்ளினார். மண்ணைத் தடவிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"உம்மை இஞ்சை கொண்டுவந்தது என்ரை பிழை. என்னை மன்னிப்பீரோ?"

"மன்னிச்சிட்டன்" என்றேன்.

அவர் எழுந்து சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஒரு வருடமாக இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் இளகியது.

"நீர் நல்ல மனுசி" என்று சொல்லிவிட்டு வண்டிலை நோக்கி நடந்தார்.