பக்கத்து சீட் பெல்ட்

தம்பியின் வண்டியை விற்க முடிவெடுத்தபோது எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. அது அடிபடாத வண்டி. யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன். அவன் அதை வாங்கும்போது பார்த்துச் சொன்னவளே நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். துண்டைக் கையில் எடுப்பேன், பிசிறு தெரிந்தால் சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு, ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவேன். வீட்டிலும் இவள் அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தம்பிக்கு ஐ.டி.யில் வேலை. கல்யாணப் பேச்சுக்குப் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தவன், இரண்டே கதவு வைத்த ஒரு நீல ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, கூடவே போய் வண்டியையும் பார்த்தேன். பானெட்டைத் தூக்கி ஒவ்வொரு போல்ட்டாகக் குனிந்து பார்த்தேன். கழற்றி மாட்டியிருந்தால் ஸ்பேனர் பட்டுத் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கும். ஒன்றில்கூட உரியவில்லை. "ஒரு கீறல் விழட்டும், அப்புறம் இருக்குடா உனக்கு" என்று சொல்லித்தான் சாவியை வாங்கவிட்டேன். அவன் சிரித்தான்.

போன மழைக்காலத்தில் டெங்கு வந்து போய்விட்டான். அடுத்த தெருவில்தான் இருந்தான். தினமும் போனில் பேசினான். மூன்று நாள் காய்ச்சலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரொம்பத் தாமதம் என்றார்கள். திமிர் பிடித்தவன், திமிராலேயே போனான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதேன்.

ஆவடியில் எங்கள் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் வண்டி கவர் போட்டுக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வாங்க ஒருவர் வந்தார். கூடவே குமணன்சாவடியிலிருந்து ஒரு பாயை அழைத்து வந்திருந்தார். பழைய வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் பாயின் தொழில். பிளஸ் டூ படிக்கும் என் மகள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"அடிபடாத வண்டி பாய்" என்றேன்.

"பாத்துக்கலாம்மா."

பெயிண்ட் கனத்தைக் காட்டும் சின்ன மீட்டரை அவர் கூரையில் வைத்தார், கதவில் வைத்தார். இடது பக்க முன் மட்கார்டில் வைத்தவர் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். மேலே மறுபடி பெயிண்ட் அடித்த மாதிரி எண் மூன்று மடங்காக வந்தது. பானெட்டுக்குள் டார்ச் அடித்து, தகடும் தகடும் சேரும் இடத்தை விரலால் தடவினார்.

"கம்பெனில இந்தப் பசைய மெசின் போடும், ஒரே கோடா போவும். இது கையால இழுத்துகீறாங்கம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானே பார்த்து வாங்கின வண்டி. விலையைக் குறைக்க எதையாவது சொல்லாதீங்க."

"நான் இன்னாத்துக்கும்மா பொய் சொல்லப் போறேன்? போல்ட்ட நீங்களே பாருங்க."

பார்த்தேன். அன்றைக்கு நான் குனிந்து பார்த்த அதே போல்ட்டுகள். தலையில் பெயிண்ட் உரிந்து, உரிந்த இடத்தில் பிரஷ்ஷால் தொட்டு வைத்திருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். யார் மேலும் பழி போட வழியில்லை. வண்டி அவன் கைக்கு வந்த பிறகுதான் அடிபட்டிருக்கிறது.

பாய் உள்ளே குனிந்து டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தார். அடியில் தைத்திருந்த துணிச்சீட்டில் தயாரித்த வருஷம் இருந்தது. அது வண்டியின் வருஷம் இல்லை. பிறகு இந்தப் பக்கம் வந்து அடுத்த பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார்.

"ஏர்பேக் வெடிச்சிகீதும்மா. ரெண்டு பெல்ட்டும் புதுசு. இந்த வண்டில பக்கத்து சீட்ல ஆள் இல்லைன்னா இடிக்கும்போது இந்த பெல்ட் இறுகாது, மாத்தற வேலையே வராது. ரெண்டு பேர் இருந்துகீறாங்க."

யாராவது பெண்ணைக் கூட்டிக்கொண்டு சுற்றினானா, உனக்குத் தெரியுமா என்று கேட்க மகள் பக்கம் திரும்பினேன். அவள் பெல்ட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது படிக்கும்போது அவளுடைய இடது தோளில் பட்டையாக ரத்தம் கட்டியிருந்தது. கோகோ விளையாடி விழுந்துவிட்டேன் என்றாள். மருந்து தடவிக்கொண்டே, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று திட்டினேன். அந்த மாதம் முழுக்கத் தம்பி ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போய்வந்தான். வண்டிக்கு ஏதோ பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

வந்தவர்கள் போன் பண்ணுகிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

"மாமா ஸ்பீடா போகலம்மா." அவள் முதலில் சொன்னது இதைத்தான். வெளிவட்டச் சாலையில் நாய் குறுக்கே வந்ததாம். வண்டி ஓரத் தடுப்பில் போய் மோதியதாம். மாமா, "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்தோம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தானாம். இரண்டு பேரும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்களாம்.

அப்போதுதான் அந்த மூன்று நாள் எனக்குப் புரிந்தது. அவனுக்கு ஒரு திமிரும் இல்லை. காய்ச்சல் என்று சொன்னால் கொசுவலை எங்கே, தண்ணீரை ஏன் திறந்து வைத்தாய், டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று வரிசையாகக் கேட்பேன். சரியான பிறகு அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறான். என் தம்பி எனக்குப் பயந்து கிடந்திருக்கிறான்.

மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஏண்டி, இத்தனை நாள் ஏண்டி சொல்லல?" என்று பார்க்கிங் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

அவள் ஓரடி பின்னால் போய் நின்றாள்.

"இதுக்குத்தாம்மா" என்றாள்.